ஒச்சாண்டி பாதியில் நிறுத்திய பேய்க்கதை

டூரிங் டாக்கீசில் நிரந்தர வேலை, மூன்று வாரம் நிரம்பி வழிந்த கொட்டகை: பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒச்சாண்டி வென்றவை இவை.

உத்தமபாளையத்தில் ஓடிய ஒரு பேய்ப்படத்துக்கு முதலில் ஆளே வரவில்லை. இன்றும் வராவிட்டால், விளம்பர வண்டியில் தமுக்கடிக்கும் ஒச்சாண்டிக்கு இனி அதில் இடமில்லை என்றார் முதலாளி. அதுவரை, கூத்துக்குக் கதை சொல்வதுபோல் அவன் படத்தின் முழுக்கதையையும் தமுக்கடித்துச் சொல்லிவந்தான்.

“எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா எதுக்குடா படம் பாக்கணும்?” என்று சிரித்தாள் அக்காள் பஞ்சம்மாள்.

அன்று சந்தையில், “பூட்டுன கதவு தானாத் தொறக்குது. உள்ள...” என்றவன் தமுக்கை நிறுத்தினான். வண்டி நகர்ந்தது.

“ஏலே, உள்ள என்னடா?” கூட்டம் துரத்தியது. முன்னால் ஓடியவள் பஞ்சம்மாள்தான்.

“டிக்கெட் வாங்குக்கா!”

கொட்டகை நிரம்பியது. வேலைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க முதலாளி மைப்பெட்டியை நீட்டினார். சினிமா நோட்டீசுகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றிருந்த ஒச்சாண்டி, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டான். அன்று தேதி 1941 ஆகஸ்ட் 17.