ஜட்கா வரைக்கும் வந்த இங்கிலீஷ்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். எனக்கும் தெரியாது என்பது எனக்கு மட்டுமே தெரியும். பதனிட்ட தோலைப் பார்த்து வாங்க மதராஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வருவார். முதலாளி சாயபு என்னை அவர் பக்கத்தில் நிறுத்திவிடுவார். துரை பேசுவதில் பாதி புரியும். மீதியை நானே சேர்த்துச் சொல்வேன். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

ஒருமுறை துரை கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "யுவர் இங்கிலீஷ் இஸ் கமிங் அலாங்" என்றார்.

'கம்' என்றால் வா. 'அலாங்' என்றால் கூட. சரி, கூப்பிடுகிறார் என்று பின்னாலேயே நடந்தேன். சுண்ணாம்புத் தொட்டிகளைத் தாண்டி, காயப்போட்ட தோல்களுக்கடியில் குனிந்து, வாசலில் நின்ற ஜட்காவுக்குப் போனோம். அவர் ஏறினார். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"இன்னாபா, நீ எங்க கெளம்பிட்டே?" என்று சாயபு கத்தினார்.

"துரை கூட வரச் சொன்னாருங்க."

முழித்த துரையிடம், "கமிங் அலாங், சார்" என்று விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. என்னை இறக்கிவிடாமல் ஸ்டேஷன் வரைக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். கமிங் அலாங் என்றால் தேறிவருகிறதாம். பிக் அப் என்றால் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்வதாம். குனிந்து எதையும் பொறுக்க வேண்டாமாம். பிரஷ் அப் என்றால் மறந்துபோனதைத் தூசி தட்டுவதாம். அதற்கு பிரஷ்ஷே தேவையில்லையாம்.

நடந்தே திரும்பினேன். வெட்கம் கொஞ்சம், குஷி ஜாஸ்தி.

அடுத்த தடவை துரை தமிழில் ஆரம்பித்தார். "தோல் நல்லா இருக்கு. வெலை ஜாஸ்தி." சாயபு அசந்துபோனார். நான் விடுவேனா? "துரைக்குத் தமிழ் கை வந்துடுச்சு!" என்றேன்.

துரை இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டுப் பிறகுதான் அர்த்தம் சொன்னேன்.

அந்த வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஷாப் முழுக்கச் சுற்றி, தோல் சுரண்டுகிற ஒவ்வொருவரிடமும், "கை வந்துச்சு! கை வந்துச்சு!" என்று பாராட்டினார். எல்லாரும் அந்த வேலையிலேயே தலை நரைத்தவர்கள். ஒருவர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொறக்கும்போதே ரெண்டும் வந்துடுச்சுங்க துரை."

என்ன சொல்கிறார் என்று துரை என்னைப் பார்த்தார்.

"தேங்க் யூ சொல்றார், சார்" என்றேன்.