கன்றுக்குக் காய்ச்சிய தண்ணீர்

எம்.கே.பி. நகர் அடுக்குக் குடியிருப்பின் பின்பக்கம் மாடு கட்டிப் பிழைக்கும் கெங்கம்மாவுக்கு மாட்டின் மேல் கோபம் வந்த நாள் இல்லை. மனிதர்கள் மேல் வராத நாளும் இல்லை. புருஷன் போன பிறகு ராணி என்கிற அந்த ஒற்றைப் பசுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. அது கன்று ஈன்றபோது சீம்பாலுக்குக் கிண்ணம் தூக்கிக்கொண்டு வந்தது இதே பிளாக்தான். பிள்ளைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்ததும், "எல்லாம் இந்த மாட்டாலதான், ஒரே கலீஜு" என்று மூக்கைப் பொத்தியதும் இதே பிளாக்தான். நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள்!

அதிகம் கத்தியவள் முதல் மாடி ரமாபாய். அவளுடைய கைக்குழந்தைதான் ரொம்பவும் துவண்டு போயிருந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவன் அன்புமணி, மாநகராட்சி வண்டியை வரவழைத்து மாட்டை ஏற்றிவிடுவதாகச் சொன்னான். ராணி போனால் கெங்கம்மாவின் அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

அந்த நேரத்தில்தான், பிள்ளைகளுக்கு வயிற்றால் போவதைக் கேள்விப்பட்டு, கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் கார்குழலி வந்தாள். குழந்தைகளின் மலம், ராணியின் சாணம், கன்றின் சாணம், பிளாக்குக்கும் மாட்டுக்கும் பொதுவான தரைத்தொட்டித் தண்ணீர் என்று டப்பா டப்பாவாக எடுத்தாள்.

"இத்த எட்துகினு போயி இன்னாம்மா பண்ணப் போற?" என்று கெங்கம்மா எரிந்து விழுந்தாள்.

"வயித்துல இருக்கற கிருமியில மாட்டுக்குன்னு ஒரு வகை, மனுஷங்களுக்குன்னு ஒரு வகை இருக்கும்மா. மைக்ராஸ்கோப்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதோட மரபணுவைப் பார்த்தா எது எங்கேர்ந்து வந்ததுன்னு பெரும்பாலும் சொல்லிடலாம்."

முடிவு வரும்வரை பொறுப்பதாக அன்புமணி பெரிய மனது பண்ணினான். வந்த முடிவைக் கார்குழலி எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"பிள்ளைங்ககிட்ட இருக்கறது மனுஷங்க வகை. ராணிகிட்ட ஒண்ணும் இல்லை. கன்னுக்குட்டிகிட்ட இருக்கு, அதுவும் மனுஷங்க வகைதான். தொட்டித் தண்ணியிலயும் அதேதான். சாக்கடை உள்ள கசியுது. சரி பண்ற வரைக்கும் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க."

கெங்கம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அதற்கும் ஆயுள் இல்லை.

அன்புமணி தாடையைச் சொறிந்தான். "அப்போ நம்மகிட்டேர்ந்துதான் கன்னுக்குட்டிக்கு வந்துகீது. பாவம், வாயில்லா ஜீவன். அதோட நல்லதுக்குத்தான் சொல்றேன், வேற எங்கனா கொண்டும்போய்க் கட்டிக்கோ."

"தொட்டியக் கய்வு நைனா! சாக்கடைய அடை!"

"அதுக்கு எழுதிப் போட்டு, ஆளு வந்து, எப்போ ஆவுமோ. மாடுன்னா நாளைக்கே பூடும். வண்டிக்குச் சொல்லிட்டேன்."

இவர்களோடு என்ன பேசுவது? கெங்கம்மா முந்தானையை உதறிக்கொண்டு மாட்டிடம் போனாள். விடிந்ததும் துறைமுகத்துப் பக்கம் பொறுக்கி வந்த பலகைத் துண்டுகளை எரித்து, அண்டாவில் தண்ணீர் காய்ச்சி ஆற வைத்தாள். போகும்வரையாவது கன்று நல்ல தண்ணீர் குடிக்கட்டும். கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டாள். அந்த பிளாக்கிலேயே காய்ச்சிய தண்ணீர் குடித்த ஒரே ஜீவன் அந்தக் கன்றுதான்.

அப்போது இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாக ரமாபாய் வந்து நின்றாள்.

"கன்னுக்குட்டிக்குக் காய்ச்சனது மீந்துகீதாக்கா? வூட்ல கேஸ் தீந்துபோச்சு. புள்ளைக்குக் கொஞ்சம் ஊத்தேன்."

"இன்னிக்கு வண்டி வருது. நாளைக்கு யாரான்ட போய் நிப்ப?"

"வண்டி வராதுக்கா. வேணாம்னு அன்புமணியான்ட சண்ட போட்டுட்டுத்தான் வரேன். மாடு பூட்டா அப்பறம் தண்ணி யாரு காய்ச்சுவா?"

சிரிப்பதா, செருப்பை எடுப்பதா என்று கெங்கம்மாவுக்குத் தெரியவில்லை. குழந்தையைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போய், கன்று குடிப்பதையே அது பார்த்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல கொடத்தக் கய்வினியாடீ?" என்று கத்திக்கொண்டே அண்டாவைச் சாய்த்தாள்.