ஞானஜோதிக்கு ஒரு கார்ட்டூன் காசெட்

தபால்காரக் கரடி ஒரு காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்கப் போகிற நேரத்தில் ஜெபசீலன் வீடியோ டெக்கின் பாஸ் பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்துகிறார். கரடி அந்தரத்தில் நிற்கிறது. திரையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்குகின்றன. தரையில் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து, மூக்கு திரையில் முட்டாத குறையாகப் போய், கரடியின் முழங்காலைப் பார்க்கிறார். "முட்டி மடங்க வேண்டிய எடத்துல மடங்கல. ஆனா நடக்குது பாரு" என்கிறார். கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தெருவைப் பார்த்த ஜன்னல்கள் இரண்டும் சாத்தியிருக்கின்றன. வெளியே சனிக்கிழமைச் சாயங்காலம், நல்ல வெயில்.

சேலையூரில் வாடகை வீடு. நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் வேலை. வயசு நாற்பத்து மூன்று. வயல், வரப்பு, மனை, பொதுக்கிணறு என்று அசையாத கோடுகளாகப் போட்டே இருபது வருஷம் ஓடிவிட்டது. அதனால்தான் அசைகிற கோடுகளின் மேல் தனக்கு இப்படி ஒரு கிறுக்கு என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மீசை நரைக்கத் தொடங்கிய ஆள், மாலையானால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கார்ட்டூன் பார்க்கிறார் என்பதை எந்த முகத்தோடு சொல்வது?

விலை கொடுத்துச் சேர்த்த காசெட்டுகள் பீரோவின் அடித்தட்டில் இருக்கின்றன, மொத்தம் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றின் முதுகிலும், வரைபடத்துக்குத் தலைப்பு எழுதுகிற அதே அச்சு எழுத்தில், 'சர்வே டிரெயினிங் பார்ட் 1', 'பார்ட் 2' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். டி.வி.யின் மேல் ஒரு நற்செய்திக் கூட்டத்துக் காசெட் எப்போதும் தயாராக இருக்கும், யாராவது வந்தால் மாற்றிப் போட. ஒருமுறை பாஸ்டர் ஐயா வீட்டு ஜெபத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டார். அவசரத்தில் டெக் காசெட்டைக் கக்க மாட்டேன் என்றது. கரடி தன் பாட்டுக்குப் படியேறிக்கொண்டிருந்தது. "சண்டே ஸ்கூலுக்கு ஆகுமான்னு பாக்கறேங்கய்யா" என்று அசடு வழிந்தார் ஜெபசீலன். பாஸ்டர் ஐயாவோ சந்தோஷப்பட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முடிவுவரை பார்த்துவிட்டுத்தான் ஜெபத்தை ஆரம்பித்தார்.

மனைவி மெட்டில்டாவுக்குக் கார்ட்டூன் விஷயம் தெரியும். தாம்பரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். சனிக்கிழமை மாலைகளில் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது ஜன்னல் சாத்தியிருந்தால், "பொம்மைப் படம் முடிஞ்சிச்சா? தொறந்து விடுங்க, புழுங்குது" என்பதோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பதுதான் ஜெபசீலனை அதிகமாகக் கூசவைக்கிறது.

காசெட் எடுக்கச் சைக்கிளில் ராஜகீழ்ப்பாக்கம் போகிறார். வழியிலேயே இரண்டு வீடியோ லைப்ரரிகள் இருக்கின்றன. அவற்றில் சபைக்காரர்கள் வந்துபோவார்கள் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்துவிடுவார். ராஜகீழ்ப்பாக்கம் கூட்டுரோட்டில் மாரியின் கடை. மாரி உள்ளூர்க்காரர், வாய் ஓயாத மனிதர். வரப்போகிற காசெட்டுகளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். யாருக்கு வேண்டுமோ அவர்கள் முன்கூட்டியே பெயர் எழுதி வைக்கலாம். அதில் கார்ட்டூனுக்கு மட்டும் தனிச் சட்டம்.

"கார்ட்டூன்னா பசங்க பேருதான் சார் எழுதுவேன். பெர்யவங்க பேர எழுதுனா, நான் முந்தி நீ முந்தின்னு கடையிலயே அட்ச்சிக்கிறாங்க. பசங்க பேருன்னு வெச்சுக்கோ, சரி கொழந்த பாக்கட்டும்னு வுட்டுக் குடுத்துர்றாங்க."

ஆறு வருஷத்துக்கு முன்னால், 1989-இல், ஜெபசீலன் முதன்முதலாக அந்தக் கடைக்குப் போன அன்று மாரி இதைச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். "பாப்பா பேர் இன்னா சார்?"

பாப்பா கிடையாது. அக்காள் மகன், அண்டை வீட்டுப் பெண் என்று எத்தனையோ பெயர்கள் இருந்தன. இல்லையென்றால், எனக்குத்தான் வேண்டும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் வாயில் வந்ததோ ஞானஜோதி என்ற பெயர். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு மகள் இருந்திருக்க வேண்டும். 1986-இல், ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராமல் இரண்டாம் நாள் போய்விட்டாள். பெண் என்றால் இந்தப் பெயர் என்று அவரும் மெட்டில்டாவும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மெட்டில்டா சொல்லாததால் அவரும் சொல்லவில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

"வயசு?" என்று கேட்டார் மாரி. "மூணு" என்றார் ஜெபசீலன். அதாவது சரியான வயசைத்தான் சொன்னார்.

அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெற்றவள் வாயில் வராத பெயரை ஒரு கரடிப் படத்துக்காகக் கடை நோட்டில் எழுத வைத்துவிட்டு வருகிறோமே என்று. இனி அந்தக் கடைப் பக்கமே போவதில்லை என்று தீர்மானித்தார். அடுத்த சனிக்கிழமை போனார்.

"இன்னா சார், ஞானஜோதி எப்டி கீது? கரடி படம் புட்ச்சிச்சா அதுக்கு?"

"ம். நல்லா இருக்கா. ரெண்டு தடவ பாத்தா."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் கேள்வி, இந்தப் பதில். நடுநடுவே பாப்பாவுக்குச் சளி பிடித்தது, பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள், முன்பல் விழுந்தது. எல்லாமே மாரி கேட்கக் கேட்க இவர் சொன்னவை. ஆறு வயசு ஆனதும் அங்கேயே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் வளரவிட்டால் கார்ட்டூன் கேட்கிற வயசு தாண்டிவிடும் என்ற பயம். மூன்று வருஷமாக அவளுக்கு ஆறு வயசு. நூறு பேர் வந்துபோகிற கடையில் மாரிக்கு அது உறைக்கவில்லை. இதில் ஜெபசீலனைத் தலைகுனியவைக்கிற விஷயம் இன்னொன்று உண்டு. சனிக்கிழமை சைக்கிளை எடுக்கும்போது காசெட்டுக்காகப் போகிறோமா, இந்தக் கேள்விக்காகப் போகிறோமா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

ஊரப்பாக்கத்திலிருந்து சத்தியநாதன் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதே கடைக்கு வருவார். அவருக்கும் இதே பைத்தியம். அவர் பேரன் பெயரில் எழுதிவைக்கிறவர். பேரன் இருப்பது அமெரிக்காவில். ராஜகீழ்ப்பாக்கத்துக் காசெட்டில் அவனுக்கு என்ன வேலை என்று மாரி கேட்டதில்லை. இருவரும் கடை வாசலில் நின்று ரொம்பக் கௌரவமாகப் பேசிக்கொள்வார்கள்.

"அந்த ஆடு லெட்டரத் தின்னுதே, அப்ப தாடி மட்டும் ஒரு நொடி லேட்டா ஆடுதுன்னு என் பேரன் சொல்றான் சார்."

"எங்க பாப்பாவும் அதையேதான் சொன்னா சார். அங்கதான் வெயிட்டு தெரியுதாம்."

வெளியே சிரிக்காவிட்டாலும் சத்தியநாதனுக்குக் கண்ணில் சிரிப்பு தெரியும். ஜெபசீலனுக்கு அதுவும் வராது. அவருக்காவது நிஜமாகவே ஒரு பேரன் இருக்கிறான்.

போன வருஷம் சத்தியநாதன் ஒரு புத்தகம் கொண்டுவந்து காட்டினார். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய விலைப்பட்டியல். கடைசிப் பக்கத்தில், கரடியின் முதல் ஆறு படங்கள் ஒரே காசெட்டில் வரப்போவதாகப் போட்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள், இதுவரை வீடியோவில் வராதவை. கரடிக்கு அப்போது தொப்பியே கிடையாதாம். வரைந்தவரின் பென்சில் கோடுகூட அங்கங்கே அழியாமல் தெரியுமாம். ஜெபசீலன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். முதல் கரடி எப்படி நடந்தது என்று பார்த்துவிட வேண்டும். அன்றே நோட்டில் இரண்டு பெயர்கள் ஏறின. கிறிஸ்துமஸுக்கு என்றார்கள். பிறகு ஈஸ்டருக்கு என்றார்கள். ஒருவழியாக அமெரிக்காவில் வெளியான பிறகும், மாரிக்குக் காசெட் கொண்டுவருகிற சிங்கப்பூர் ஆள் கைக்கு வந்து, நம்மூர் டெக்கில் ஓடுகிறபடி மாற்றி எடுத்து வர வேண்டும். "வந்துகினே கீது சார், பாப்பாவ அழ வேணாம்னு சொல்லு" என்பார் மாரி. "அழல, பொறுமையா இருக்கா" என்பார் ஜெபசீலன்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு சனிக்கிழமை படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து, மெட்டில்டா கஞ்சி கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வாசலில் ஒரு டி.வி.எஸ். ஐம்பது மொபெட் வந்து நின்றது. கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த ஜெபசீலன் மாரியின் குரலைக் கேட்டதுமே கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். கடையில் மெம்பர் ஆகும்போது விலாசம் எழுதிக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் எழுந்திருப்பதற்குள் மெட்டில்டா ஈரக்கையோடு போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"சார் வூடு இதானேக்கா? ரெண்டு வாரமா ஆளக் காணோமே, இன்னா ஆச்சின்னு பேஜாரா பூட்ச்சி. காசெட் வந்துகீது. பாப்பா ஒரு வர்சமா கேட்டுகினு கீதே, அதான் நானே எட்த்துகினு வந்துட்டேன்."

"எந்தப் பாப்பா?"

"இன்னாக்கா இப்டி கேக்குற! உங்க பாப்பாதான். ஞானஜோதி."

ஒன்பது வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்டது, அதுவும் ஒரு கடைக்காரர் வாயில், அத்தனை உரிமையாக. கையும் களவுமாகப் பிடிபட்டவன்கூட ஓடப் பார்ப்பான். ஜெபசீலன் கட்டிலிலேயே கிடந்தார். மெட்டில்டா திரும்பி இவரைப் பார்த்தார். இவர் போர்வையைப் பார்த்தார்.

மாரி வாசற்படியில் நின்றபடியே கழுத்தை நீட்டி வீட்டை நோட்டம் விட்டார். கூடத்தில் சின்னச் செருப்பு இல்லை, புத்தகப் பை இல்லை, சுவரில் கிறுக்கல் இல்லை. "எங்க காணோம்?" என்றார். கையில் ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருந்தார்.

மெட்டில்டா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நிதானமாகத் துடைத்தார். அந்த நேரத்தில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், எதைச் சொன்னாலும் நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

"தூங்குறா" என்று சாத்தியிருந்த உள்ளறைக் கதவைக் காட்டினார். "கோயிலுக்குப் போய்ட்டு வந்த அலுப்பு. சாயங்காலம்தான் எழுந்திருப்பா."

மாரி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "அட, நான் பாட்டுக்குக் கத்திகினு கீறேன்" என்று கிசுகிசுத்தார். காசெட்டையும் மிட்டாயையும் மெட்டில்டா கையில் வைத்தார். வண்டியை வாசலில் கிளப்பவில்லை. தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்துத்தான் மிதித்தார்.

கதவைச் சாத்திவிட்டு மெட்டில்டா அங்கேயே நின்றார். மானம் போனது போய்விட்டது, இனி திட்டு விழட்டும் என்று ஜெபசீலன் காத்திருந்தார். அழுதால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருந்தது.

"எத்தன வயசுன்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

"ஆறு."

"ஆறா?" மெட்டில்டா மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தார். "ஒம்போது முடிஞ்சிடுச்சுங்க. வர்ற ஆனியில பத்து."

ஜெபசீலன் தலையை ஆட்டினார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். வந்தது இருமல்தான்.

மெட்டில்டா டி.வி.யின் முன்னால் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த டெக்கை அவர் தொட்டதில்லை. காசெட்டை முதலில் தலைகீழாகச் செருகினார், பிறகு திருப்பிச் செருகினார், பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். திரையில் வெள்ளைப் பொறி பறந்து அடங்கியது. கறுப்பு வெள்ளையில் தலைப்பு வந்தது. எக்காளமும் தம்பட்டமுமாக இசை வீடு அதிர வெடித்துக் கிளம்பியது.

ஜெபசீலன் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு டி.வி. பக்கம் வந்தார். சாத்தியிருந்த உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, சத்தத்தைக் குறைத்து வைத்தார்.