ஏழு வருஷக் கணக்கு

என் வீட்டுக்காரரைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். மண் தோண்டும் இயந்திரத்தை ஒரு நிமிடம் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு சோப்பு வாங்கி வரச் சொன்னால் மட்டும் மூன்று தடவை சொல்லியும் அந்தக் காதில் விழாது.

அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, கனரக இயந்திரப் பராமரிப்புச் சான்றிதழ். அதனால் பழுது பார்ப்பது இவர், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது வேறொருவர். அந்த மனிதர் திங்கட்கிழமைதோறும் சலவைச் சட்டையோடு வந்து, இவர் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். எனக்கு வயிறு எரியும். இவர் சிரிப்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள், அந்தப் படிப்பின் துண்டறிக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது.

“கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாரேன்.”

நான் மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். கணக்கில் என்னை அசைக்க முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு. உடனே கால்குலேட்டரை எடுத்தேன். கட்டணம் நாலு மாதச் சம்பளம். படிக்கிற பத்து மாதமும் வருமானம் இல்லை. ஆக, பதினாலு மாதச் சம்பளம் கையைவிட்டுப் போகும். சான்றிதழ் வந்தபிறகு கூடுவதோ சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. போட்டதை எடுக்கவே ஏழு வருஷம்.

“ஏழு வருஷமா! படிச்சிட்டு வந்தா இயந்திரம் உங்ககிட்ட வேற பாஷையிலயா பேசப் போகுது?” என்றேன்.

“நீ போட்டா சரியாத்தான் இருக்கும்” என்று துண்டறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை கொண்டுவந்தார். இரண்டு தடவையும் அதே கணக்கைச் சொல்லி அனுப்பினேன்.

அந்தக் காகிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. சான்றிதழ் பெற்றவர் பழுதான இயந்திரத்தில் சிவப்பு அட்டை மாட்டலாம். அவரே கழற்றும்வரை முதலாளிகூட அதை இயக்கக் கூடாது. அதில் எண் எதுவும் இல்லை. அதனால் நான் அதைப் படித்தேனே தவிர, கணக்கில் சேர்க்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. பழைய இயந்திரம் ஒன்றின் கையைத் தூக்கிப் பிடிக்கும் எண்ணெய்க் குழாய் உப்பியிருந்ததை இவர் பார்த்துவிட்டார். மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார்.

“வாயால சொன்னா ஆச்சா? அட்டை போடுறவர் திங்கக்கிழமை வருவாரு, அவர் பாத்துக்குவாரு” என்று பதில் வந்தது.

அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன் என் தம்பி. அந்த வேலையை நான்தான் இவரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தேன். இவர் அவனிடமும் சொன்னார்.

“அட்டை இல்லாம நான் ஓட்டமாட்டேன்னா, என்னை வீட்டுக்குப் போன்னுடுவாங்க மாமா. ஒரு நாள்தானே, மெதுவா ஓட்டிக்கிறேன்.”

சனிக்கிழமை, மண் அள்ளும் பக்கெட்டின் பல்லில் சிக்கிய கம்பியை எடுக்க இறங்கியிருக்கிறான். குழாய் வெடித்தது. தூக்கி நின்ற இரும்புக் கை அப்படியே அவன் இடது காலில் இறங்கியது. கணுக்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

அவனுடைய மருந்துச் சீட்டுகளுக்கு என் கையாலேயே பில் போட்டேன். அப்போதுதான் உறைத்தது. என் கணக்குப்படியே பார்த்தாலும், படிப்பு முடிந்து, போட்ட பணமும் திரும்பி வந்து, ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு அழுதாவது தீர்த்திருப்பேன். துண்டறிக்கை வாங்க நானே போனேன். சங்கிலியை விற்றுக் கட்டணம் கட்டினேன். கால்குலேட்டர் பக்கம் போகவில்லை. நாற்பத்தேழு வயதில் இவர், தன்னைவிடச் சின்னவர்களான ஆசிரியர்களிடம் இருபது வருஷமாகச் செய்துவந்த வேலையையே படித்துவிட்டு, போன மாதம்தான் சான்றிதழோடு பட்டறைக்குத் திரும்பினார்.

நேற்றுச் சாயங்காலம் தம்பி வந்திருந்தான். செயற்கைப் பாதத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுக் காலை நீவிக்கொண்டிருந்தான். இவர் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“இன்னிக்கு ஒரு வண்டிக்கு சிவப்பு அட்டை மாட்டினேன்.”

தம்பி நிமிர்ந்தான். “எதுக்கு மாமா?”

“குழாய் உப்பியிருந்துச்சு.”

தம்பி காலை நீவுவதை நிறுத்தினான்.

“ஓட்டுறவர் என்ன சொன்னாரு?” என்று கேட்டான்.

“ஒரு நாள் கூலி போச்சேன்னு கண்டபடி திட்டினாரு. வண்டி நல்லா ஓடுறது ‘காது’க்குக் கேக்கலையான்னு கேட்டாரு.”

தம்பி சிரித்துவிட்டான். “நானா இருந்தாலும் திட்டித்தான் இருப்பேன் மாமா.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அன்றைக்கும் ஒரு சிவப்பு அட்டை தொங்கி, என் தம்பி அவரைத் திட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, “உன் வீட்டுக்காரரால ஒரு நாள் கூலி போச்சு அக்கா” என்று என்னிடமும் கத்தியிருக்க வேண்டும்.