பத்தொன்பது எழுத்துத் தொழில்

ஓய்வு பெற்றவர்களை வீட்டில் சும்மா இருக்கவிடக் கூடாது என்பது இந்த நாட்டின் கொள்கை. ஒஸ்லோ நகரின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் கருவாடும் மரவள்ளிக்கிழங்கும் வாங்கப் போகும் வழியில் இருக்கிற நூலகத்தில், செவ்வாய்க்கிழமைகளில் என்னைப் போன்றவர்களுக்குக் கதை எழுதப் பழக்குகிறார்கள். பழக்குகிறவருக்கு முப்பது வயதுகூட இராது. முதல் நாளே ஆளுக்கொரு துண்டுக் கடதாசி தந்து இரண்டு கேள்வி கேட்டார். சிறுவயதில் உங்களுக்குப் பிடித்த கதை எது? பார்த்த வேலையைப் பார்க்காமல் இருந்திருந்தால் வேறு என்னவாக ஆகியிருப்பீர்கள்?

முப்பத்தாறு வருடம் நகராட்சி அலுவலகத்தில் மற்றவர்கள் நிரப்பிய படிவங்களைச் சரிபார்த்தவள் நான். வெறுமையாக விடப்பட்ட கட்டத்தைக் கண்டால் இன்றைக்கும் கை பேனாவைத் தேடும். ஆனால் அந்தத் துண்டில் ஒன்றும் எழுதாமல், இந்தப் பதில்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யார் யார் பார்க்கலாம் என்று கேட்டேன். இளைஞர் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. தொழில் என்ற கட்டத்துக்குள் மனம்போனபடி எழுதினால் என்ன நடக்கும் என்பதைப் பத்து வயதிலேயே கண்டவள் நான்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், நாலு மாடிக் கட்டடமொன்றில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருந்து அப்பா முதலில் வந்து, பிறகு அம்மாவையும் ஆறு வயதான என்னையும் எடுப்பித்திருந்தார். நகரத்தில் இருந்த தமிழர்களை ஒரு ட்ராமில் ஏற்றினாலும் இருக்கைகள் மிஞ்சும் காலம் அது. அந்த ட்ராமைக் கழுவுவதுதான் அப்பாவின் வேலை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் துணி மடித்தார்.

வீட்டுக்குள் தமிழ் மட்டும் என்பது அம்மா போட்ட சட்டம். வெளியே நொஸ்கில், அதாவது நோர்வேஜிய மொழியில், கதைப்பது என் பொறுப்பு. கடையில், தபாற்கந்தோரில், பல் வைத்தியரிடம், எங்கே போனாலும் அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி எனக்குப் பின்னால் பேசாமல் நிற்பார். நான் கால் நுனியில் எட்டி நின்று கதைப்பேன். வீட்டுக்கு வரும் படிவங்களை நிரப்புவதும் நானே. பிள்ளையின் தலையில் சுமத்தப்பட்ட பாரம் என்று இதை இப்போது அறிக்கை எழுதுவார்கள். நானே அப்படி இரண்டு அறிக்கை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது பதவி.

அப்பாவுக்கும் வேறு பதவிகள் இருந்தன, சாப்பாட்டு மேசையில். ட்ராமுக்குள் யாரோ மறந்துவிட்டுப் போன பொருளொன்று தினமும் அவர் கண்ணில் படும். அதை ஒப்படைக்க வேண்டிய இடத்தில் ஒப்படைத்துவிட்டு, அதன் கதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

"இண்டைக்கு நான் என்னவா இருந்தனான், சொல்லு பாப்பம்?"

ஒற்றைக் கையுறை கிடந்த நாளில் நீதவான். அந்தக் கையுறை தன்னுடையதுதான் என்று இரண்டு பெண்கள் வழக்காடுவார்கள். பொய்ப்பல் கிடந்த நாளில் அரண்மனை வைத்தியர். பல்லில்லாத அரசர் போர்ப் பிரகடனம் செய்யப் போய், எதிரிப் படை சிரித்துச் சிரித்தே திரும்பிவிடும்.

"டொக்டர் முதல்லை கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்புங்கோ," என்பார் அம்மா. "குசினியிலை நோயாளிகள் காத்துக்கொண்டு நிக்கினம்."

எனக்கு அந்த நாளில் வேறு கதைகளில் பைத்தியம். பள்ளிக்கூட நூலகத்தில் துருவப் பயணிகளைப் பற்றிய புத்தகங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. கப்பல் பனியில் இறுகிப்போவதையும், கூட வந்த நாய்களையே தின்ன வேண்டி வருவதையும் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்து வாசிப்பேன். நானும் அப்படிப் புது நிலங்களைத் தேடிப் போகும் நாடுகாண் பயணி ஆவதென்று முடிவெடுத்திருந்தேன். பெண்கள் துருவத்துக்குப் போவதில்லை என்று வகுப்பு ஆசிரியை சொல்லிவிட்டார். ஆகவே அந்தத் தொழில் என் கையில் ஆளில்லாமல் கிடந்தது.

அந்த வருடம் எங்களுக்குத் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. பெயர் பதிந்து இரண்டு வருடம் காத்திருந்தோம். அக்காலத் தொலைபேசிப் புத்தகத்தில் ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் அவருடைய தொழிலையும் அச்சடிப்பார்கள். இன்ன பெயர், தச்சர். இன்ன பெயர், விரிவுரையாளர். நகரத்தில் யார் என்ன செய்கிறார் என்று யாரும் புரட்டிப் பார்க்கலாம். தனிநபர் தகவல் சட்டம் படித்தவர் யாராவது இன்று கண்டால் மயங்கி விழுவார்.

இணைப்போடு வந்த புத்தகப் பதிவுப் படிவத்தில் தொழிலுக்கு நீளமான ஒரு கட்டம் இருந்தது. ட்ராம் கழுவுபவர் என்பதற்கு நோர்வேஜிய மொழியில் பத்து எழுத்துத்தான். எழுதினால் பாதிக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். நாடுகாண் பயணிக்கு எண்ணிப் பத்தொன்பது எழுத்து. அளவெடுத்துத் தைத்தது மாதிரிப் பொருந்தியது. எங்கேயோ இருந்து புறப்பட்டு வந்து நோர்வேயைக் கண்டுபிடித்தவர்தானே அப்பா? அத்தாட்சி கேட்டால் கடவுச்சீட்டும் இருக்கிறது. அப்பா வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

புத்தகம் வந்த அன்றே எங்கள் வரியைத் தேடிப் பார்த்துவிட்டேன். மேலே ஒரு தச்சர், கீழே ஒரு தாதி, நடுவில் அப்பா, நாடுகாண் பயணி. யாருக்கும் காட்டவில்லை. இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி அடித்தது. எங்கள் பகுதி மாதர் சங்கத்தின் தலைவி. மாதமொரு கூட்டம் நடத்துவார்களாம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பேச்சாளராம், இந்த முறை நாடுகாண் பயணி வந்து தன் பயணங்களைப் பற்றிப் பேசுவாரா என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருவார் என்றேன்.

மறுநாள் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரிலேயே அறிவித்தல் ஒட்டப்பட்டுவிட்டது. மூன்றாம் மாடியில் இருந்தவர் பொலிஸ்காரர். அவருடைய மனைவி அந்தச் சங்கத்தின் செயலாளர். அவர் படியில் அம்மாவை மறித்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா என்னைப் பார்த்தார்.

"என்னவாம் இந்த மனிசி?"

எதைச் சொல்லியும் சமாளிக்க முடியவில்லை. அறிவித்தலில் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

அன்று பின்னேரம் அப்பா தொலைபேசிப் புத்தகத்தை விரித்து, அந்த வரியில் விரலை வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஒவ்வொரு வருசமும் பொலிசிலை போய் நிண்டு விசா எடுக்கிறம்," என்றார். "அங்கை ட்ராம் கழுவிறவன். இதிலை வேறை என்னவோ. பொய்க்காரன் எண்டு பதிஞ்சாங்கள் எண்டால் மூண்டு பேரையும் ஊருக்கு ஏத்தி விட்டிடுவாங்கள். அடுத்த மாசம் முத்திரை குத்தப் போகவேணும்."

"அப்ப போய் உள்ளதைச் சொல்லுங்கோ," என்றார் அம்மா. "பொலிஸ்காரன்ரை மனிசிக்கு முன்னாலையே சொல்லுங்கோ. பிறகு மறைச்சனீங்கள் எண்டு ஒருதரும் கதைக்கேலாது."

அப்பா என்னைப் பார்த்தார். "நீயும் வாறாய். நான் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் நொஸ்கிலை சொல்லவேணும். விளங்கிச்சுதோ?"

விளங்கிற்று என்று தலையாட்டினேன்.

தொலைபேசிப் புத்தகத்தில் போட்டுக்கொள்ளும் தொழிலுக்கும் வதிவிட அனுமதிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது, பின்னாளில் அலுவலகத்தில் விதிகளைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது. விதி தெரியாதவர்களின் பயத்துக்கும் விதிக்கும் தொடர்பில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது.

கூட்டம் மாலை ஆறு மணிக்கு, சங்கத்தின் சிறிய மண்டபத்தில். முப்பது பெண்கள் இருந்தார்கள். வாஃபிள் வாசம், கோப்பி வாசம், ஈரக் கம்பளி வாசம். அப்பா கலியாணக் கோட்டுப் போட்டிருந்தார். பொலிஸ்காரரின் மனைவி முன்வரிசையில், கையில் கோப்பிக் கோப்பையுடன். அப்பா முன்னால் போய் நின்று, யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வணக்கம்," என்றார் தமிழில். "நான் நாடுகாண் பயணி இல்லை. ட்ராம் கழுவிறனான். புத்தகத்திலை இருக்கிறது பிழை. பிள்ளையிலை குற்றம் இல்லை. வாசிக்காமல் கையெழுத்து வைச்சது நான்."

சொல்லிவிட்டு எனக்காக நிறுத்தினார்.

கடைசி வசனம் என்னைக் குழப்பிவிட்டது. நான் செய்ததை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதை அப்படியே மொழிபெயர்த்தால் முப்பது பேருக்கு முன்னால் குற்றவாளி அப்பா. வாயைத் திறந்தேன்.

"மாலை வணக்கம்," என்றேன் நோர்வேஜிய மொழியில். "நான் மிகவும் தொலைவிலிருந்து பயணம் செய்து ஒரு நாட்டைக் கண்டுபிடித்தேன். அதன் பெயர் நோர்வே."

மண்டபம் சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். அப்பா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். தொப்பியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"இதாலை எங்கடை விசாவுக்கு ஒண்டும் வரக்கூடாது," என்றார் மெதுவாக. "அதைத்தான் நான் கேக்கிறன்."

"அங்கே வாழும் சனங்கள் சாதுவானவர்கள்," என்றேன் நான். "ஆனால் யாராவது பக்கத்தில் வந்து இருந்துவிடுவார்களோ என்று எப்போதும் பயந்துகொண்டிருக்கிறார்கள்."

பொலிஸ்காரரின் மனைவி சிரித்த சிரிப்பில் கோப்பி தட்டில் சிந்தியது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீண்ட பார்வை. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பெண்கள் பக்கம் திரும்பி, தொப்பியை மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"வந்த முதல் கிழமை ட்ராமிலை ஒரு மனிசிக்குப் பக்கத்திலை போய் இருந்தனான். மனிசி டக்கெண்டு எழும்பி நிண்டுது. இறங்கப்போகுதாக்கும் எண்டு நானும் எழும்பி வழி விட்டன். மனிசி இறங்கேல்லை. கடைசித் தரிப்பு மட்டும் ரெண்டு பேரும் வெறும் சீற்றைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

தப்பினேன் என்று மூச்சு விட்டேன். வாக்குமூலம் முடிந்துவிட்டது, அப்பா தற்செயலாக ட்ராம் கதைக்குள் போய்விட்டார். இதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். பிறகு வேலை இலகுவாயிற்று. இந்த நாட்டு வழக்கப்படி குளிரில் ஒரு வீட்டு வாசலில் தள்ளுவண்டிக்குள் குழந்தையொன்று நித்திரை கொள்வதைக் கண்டு, யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று தான் அரை மணித்தியாலம் காவலிருந்ததை அப்பா சொன்னார். நான் அதை இரண்டு மணித்தியாலம் ஆக்கி, தூரத்தில் ஓநாய் ஒன்றையும் நிறுத்தினேன். விசித்திரம் என்னவென்றால், அப்பா அடுத்ததாகத் தானாகவே ஒரு நாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். காவலிருந்த தன்னை அந்த நாய் மணந்து பார்த்து, கள்ளன் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனதாம். எங்கள் இரண்டு பேரின் மிருகங்களும் எவ்வளவு அழகாக ஒன்றுசேர்ந்துவிட்டன என்று எனக்கு ஒரே சந்தோசம்.

இப்படியே முக்கால் மணித்தியாலம். கடைசியில் அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"வந்து ஆறு மாதம் ஒருதரும் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடேல்லை. ஒரு நாள் தபாற்கந்தோரிலை சத்தமாக் கூப்பிட்டாங்கள். பிழையாத்தான் கூப்பிட்டாங்கள். எண்டாலும் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தனான். இன்னொருக்காக் கூப்பிடட்டும் எண்டு."

இதில் சேர்க்க எனக்கு எதுவும் அகப்படவில்லை. உள்ளபடியே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. தலைவி எழுந்து வந்து அப்பாவின் பெயரை, எழுத்துக் கூட்டி, முழுவதுமாகச் சொல்லி நன்றி கூறினார். கதையை எங்கே நீட்டலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்பதை இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்து இளைஞர் பலகையில் கோடு கீறி விளக்குகிறார். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஆகவே நானும் குறிப்பெடுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு அதிர்ஷ்டச் சீட்டு இழுத்தார்கள். அப்பாவுக்கு சுடுகிற கேத்திலைத் தூக்குவதற்கு ஊசியால் பின்னிய துணிப்பிடி ஒன்று விழுந்தது. புறப்படும்போது பொலிஸ்காரரின் மனைவி வந்து அப்பாவின் கையைப் பிடித்து, இதையெல்லாம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொல்லப்போகிறேன் என்றார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"குட் நைட்டாம்," என்றேன்.

வழியில் அப்பா துணிப்பிடியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்.

"நான் சொன்னதை அப்பிடியே சொன்னனியோ?"

"ஓம் அப்பா."

"ஒரு சொல்லும் விடேல்லை?"

"இல்லை அப்பா."

"கெட்டிக்காரி," என்றார்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தபடியே கேட்டார். "உள்ளதைச் சொன்னியளோ?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவை?"

"சிரிச்சவை," என்றார் அப்பா, கோட்டைக் கழற்றிக்கொண்டு.

அவர் பொய் சொல்லவில்லை. உலகத்திலேயே நான் ஒருத்திதான் உண்மை தெரிந்தவள் என்ற நினைப்பில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இரண்டு கிழமையில் விசாவுக்குப் போனோம். அதிகாரி தலையை நிமிர்த்தாமலே மூன்று முத்திரையும் குத்தினார். வெளியே வந்து அப்பா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். குளிரில் நின்றே தின்றேன்.

அதற்கு அடுத்த கிழமை, அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா என்னை ட்ராம் கொட்டகைக்கு அனுப்பினார். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. பெரிய கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். வாளியொன்றைக் கவிழ்த்து அதன்மேல் அப்பா இருந்தார். எதிரே ஒரு கிழட்டு மெக்கானிக். இரண்டு பேரும் உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கையை வீசி, நோர்வேஜிய மொழியில், ஒஸ்லோக் கிழக்குப் பக்கத்து இழுவையோடு, ஒரு இடத்திலும் தடக்குப்படாமல் பொரிந்து தள்ளினார். வகுப்பில் எங்களுக்குத் தடைசெய்யப்பட்ட இரண்டு சொற்களும் அதில் இருந்தன. கிழவர் கடைசியில் கையை உயர்த்தித் தோல்வியை ஒத்துக்கொண்டார்.

பெட்டியை வாசலில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன்.

"அம்மா, அப்பா இந்த மூண்டு கிழமைக்குள்ளை நொஸ்க் முழுசாப் பழகிப்போட்டார்! நான் அண்டைக்கு மொழிபெயர்த்ததைக் கேட்டுத்தான் பழகியிருக்கிறார்!"

அம்மா மடித்துக்கொண்டிருந்த துவாயை முகத்தில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கட்டிலில் சாய்ந்து சிரித்தார். நிறுத்துவார் நிறுத்துவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தகப்பனுக்கு ஒரு மொழியையே கற்றுக்கொடுத்த பிள்ளையைப் பார்த்து இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குச் சரியான கோபம் வந்தது.