ஏழு போத்தல்களும் என்னுடையவை

எங்கள் தோட்டத்துக்கு வந்து எதையாவது அளந்துகொண்டு போகாத ஆராய்ச்சிக்காரர்கள் மிச்சமில்லை. செலண்டாருக்குப் பக்கத்தில் பாதி ரப்பரும் பாதி எண்ணெய்க்கான செம்பனையுமாகக் கிடக்கிற தோட்டம் அது. வருகிற கூட்டத்தைப் பார்த்தால் புதையல் ஏதோ இருக்கிறது என்று நினைப்பீர்கள். அத்தனை பேரும் ஒரே பல்கலைக்கழகம், அரசாங்கத்தின் பெரிய பல்கலைக்கழகம். வேனின் கதவில் ஒரே சின்னம்தான், இறங்குகிற ஆட்கள்தான் வேறு வேறு. ஒரு கூட்டம் மண்ணைத் தோண்டிப் பையில் கட்டிக்கொண்டு போனது. இன்னொன்று நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனது. கொசு ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் பூந்தொட்டிகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்த்தாமல் போனார்கள். செம்பனை மட்டையை அரைத்துப் பலகை செய்யப் போவதாகச் சொல்லி ஒருவர் லோரி நிறைய மட்டை ஏற்றினார். நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற தமிழைப் பதிவு செய்ய இரண்டு பெண்கள் வந்து, நாங்கள் சாதாரணமாகச் சொன்னதற்கெல்லாம் "ஆகா" என்று எழுதிக்கொண்டார்கள்.

இவர்களில் திரும்பித் திரும்பி வந்தவர்கள் ஆந்தைக்காரர்கள் மட்டும்தான். செம்பனையில் எலி பிடிப்பதற்காகக் கம்பத்தில் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பார்கள். அந்த ஆந்தையின் காலில் வளையம் மாட்டி, வளையத்தில் நம்பர் போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை ஏணியோடு வந்து எடை பார்ப்பார்கள், இறக்கையை விரித்துப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு இதைக் கண்டால் பொறுக்காது.

"போன தடவ எறக்க எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு வந்து பாக்குறாங்கலா. என் கைய எவன் வந்து பாத்தான்?"

அம்மா அந்தத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் களைக்கு மருந்து அடிக்கிறவள். தோள் பம்பு தூக்கும் ஏழு பெண்களில் மூத்தவள் என்பதால் மருந்து கலக்குகிற வேலையும் அவள் தலையில்தான். கொடுத்த கையுறை கிழிந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. விரல் நகங்கள் பழுப்பாகித் தடித்துவிட்டன, இரண்டு நகம் கழன்றே போயின. தேத்தண்ணிக் குவளையைப் பிடித்தால் கை நடுங்கும் என்பதால் பாதிதான் ஊற்றிக்கொள்வாள். நான் புக்கிட் ரம்பாயில் ஒரு பேக்டரியில் வேலை செய்கிறேன், அங்கேயே வாடகை வீடு. வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்று சொல்லாத வாரம் கிடையாது. "நான் நின்னா பம்பு நிக்குமா? இன்னொருத்தி தூக்குவா" என்று வாயை அடைத்துவிடுவாள்.

போன வருடம் வந்த வேனிலிருந்து இறங்கியவர் ஒரு மலாய்க்காரப் பெண் விரிவுரையாளர். மருந்து அடிக்கிற பெண்களின் உடம்புக்குள் மருந்து போகிறதா என்று பார்க்க வந்திருந்தார். மனித உடம்பைப் பார்க்க வந்த முதல் ஆராய்ச்சி என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஏழு பேருக்கும் நம்பர் ஒட்டிய சின்ன போத்தல் ஒன்று. சனிக்கிழமை மருந்து அடித்துவிட்டு, ஞாயிறு காலை எழுந்ததும் முதல் மூத்திரத்தைப் பிடித்து வைக்க வேண்டும், எட்டு மணிக்கு வேன் வரும்.

அதற்கு முன்பே, வேலைக்கு ஆள் எண்ணுகிற காலைப் பெரட்டில் மேற்பார்வைக்கார மண்டோர் ஒரு வார்த்தை விட்டார். "ரிப்போர்ட்டு ஆபீசுக்கும் வரும். யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு வருதோ, அவங்களுக்கு ரெஸ்ட்டு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். ரெஸ்ட்டு என்றால் என்னவென்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது ஏழு பேரும் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஏழு காலிப் போத்தல்கள். எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது.

பக்கத்து வீட்டு அத்தைதான் ஆரம்பித்தார். "நீ ஏர்கான்ல ஒக்காந்து வேல செய்யிறவ. மருந்து வாடையே பட்டிருக்காது. நீ குடுத்துருலா."

"ஏழு பேருக்குமா? எல்லாரும் சேந்து செய்ய இது என்னா கோத்தோங் ரோயோங்கா?"

"ரெண்டு வெரல் அளவு ஊத்துனாப் போதும்டி" என்றாள் அம்மா.

நான் மறுத்திருக்க வேண்டும். அவர்கள் முகங்களைப் பார்த்தபோது மறுக்க வாய் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு ஜக்கு தண்ணீரும் இரண்டு கோப்பை மைலோவும் குடித்துவிட்டுக் குளியலறைக்குள் போனேன். வெளியே அம்மா கதவைத் தட்டி "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டு மணிக்கு ஏழு பெண்களும் ஏழு போத்தல்களைத் துண்டில் சுற்றி, கோவிலுக்குப் பால்குடம் எடுக்கிற முகத்தோடு வேனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விரிவுரையாளர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, பல்கலைக்கழகச் சின்னம் போட்ட குவளையும் துவாலையும் கொடுத்தார்.

சில வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாரத்தில் என் போன் நம்பரைத்தான் எழுதியிருந்தோம். மருந்துப் பரிசோதனை முடிய இன்னும் நாளாகும் என்றார் விரிவுரையாளர், அதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டுமாம். ஏழு பேருடைய மூத்திரத்திலும் சர்க்கரை, அதுவும் நிறைய. உடனே எல்லாரையும் கிளினிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். நான் பேக்டரி கண்டீனில் நின்றுகொண்டிருந்தேன், கையில் இனிப்பான தே தாரிக். குடிக்காமல் மேசையில் வைத்தேன்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப ஒனக்கா சக்கர? ஏர்கான்ல ஒக்காந்தா?" என்றாள்.

எனக்குத்தான். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்து உறுதியாகச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தோட்டத்திலேயே சுத்தமான உடம்பு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவளுக்கு வந்த கதியை நினைத்துச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும் முன்பே இன்னொன்று உறைத்தது. அந்தப் போத்தல்களில் மருந்து இருக்கப் போவதில்லை. இந்தப் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். அம்மாவின் கைக்கு என் மூத்திரம் பொய்ச்சாட்சி சொல்லும். நாளைக்கு அந்தக் கையைக் காட்டி யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

"நான் போய் உண்மையச் சொல்லப் போறேன்மா" என்றேன் போனில்.

"சொல்லிட்டு? என்னய வீட்டுக்கு அனுப்பவா?"

"பாதி கிளாஸ் தேத்தண்ணி குடிக்கிறியே, அது கால் கிளாஸ் ஆகுறவரைக்கும் சும்மா இருக்கவா?"

அம்மா போனை வைத்துவிட்டாள். நான் லீவு போட்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பரப்பு எங்கள் தோட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. விரிவுரையாளரின் அறைக்குப் போகிற நடைபாதையில் இரண்டு பக்கமும் ஆராய்ச்சிகளைப் பற்றிய தட்டிகள். நடந்துகொண்டே பார்த்தவள் நின்றுவிட்டேன். எங்கள் தோட்டம் சுவர் முழுக்கத் தொங்கியது. எங்கள் வாய்க்கால், எங்கள் மண், எங்கள் மட்டையில் செய்த பலகை. ஆந்தைக்கு மட்டும் ஒரு முழுத் தட்டி, அதன் முகம் என் முகத்தைவிடப் பெரிதாக. அந்தப் படத்தின் மூலையில், ஏணிக்குப் பின்னால், பம்பைச் சுமந்துகொண்டு போகும் ஒரு பெண்ணின் முதுகு. அந்தச் சட்டையை எனக்குத் தெரியும், என் அப்பாவின் பழைய சட்டை. அம்மாதான். கீழே சின்ன எழுத்தில் தோட்ட நிர்வாகத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஆந்தைக்கு நம்பர், நிர்வாகத்துக்கு நன்றி, அம்மாவுக்கு முதுகு. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், அறைக் கதவைத் தட்டும்போது அந்த எண்ணம் எனக்கு இல்லை.

"ஏழு போத்தலும் என்னுடையவை" என்றேன், உட்காருவதற்கு முன்பே.

அவர் அதிரவில்லை. ஏழு பேருக்கும் ஒரே அளவு சர்க்கரை வந்ததிலிருந்து அவருக்கும் சந்தேகம்தான். அந்தப் போத்தல்களைக் கணக்கில் சேர்க்காமல் எடுத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

"எடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவீர்கள். ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்க மாட்டீர்களா?" மலாயில்தான் கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு மலாய் நன்றாக வரும்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் செய்தார்கள்?" என்று கேட்டார். மண்டோர் சொன்ன ரெஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன். யாருடைய முடிவும் ஆபீசுக்குப் போகாது, அது பாரத்திலேயே இருக்கிறது என்றார். நாலு பக்கப் பாரம், இங்கே கையெழுத்துப் போடு என்று நீட்டியவர் மண்டோர், அதில் எந்த வரியை என் அம்மா படித்திருப்பாள் என்று கேட்டேன். வெளியே தட்டியில் அவள் முதுகு மட்டும்தான் இருக்கிறது என்றேன். அவர் என்னை நடைபாதைக்குக் கூட்டிவந்து, எந்த முதுகு என்று கேட்டார். காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷிதான், அதற்காக என் கோபம் குறையவில்லை.

அடுத்த ஞாயிறு வேன் இல்லாமல், தன் சொந்தக் காரில், தனியாக லயத்துக்கு வந்தார். என்னோடு பேசாமல் இருந்த அம்மா அவரிடம் தோட்டத்து மலாயில் மளமளவென்று பேசினாள். எங்க மூத்திரம் வேணும்னா, ரிசல்ட்டு மொதல்ல எங்க கைக்கு வரணும். கையெழுத்துப் போட்ட தாளா வரணும். "இன்னொண்ணு. ஆந்தையப் பாக்கத் திரும்பித் திரும்பி வாரீங்கல்ல, அடுத்த வருசம் என்னயும் வந்து பாக்கணும்." விரிவுரையாளர் மூன்றையும் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் லயத்தில் ஒரு ஆராய்ச்சிக்காரர் பாரத்தில் கையெழுத்துப் போட்டது அன்றுதான்.

இந்தமுறை ஏழு போத்தல், ஏழு பேர். அம்மா உள்ளே போனதும் நான் குளியலறைக் கதவைத் தட்டி "ஆச்சா? ஆச்சா?" என்றேன். உள்ளேயிருந்து நல்ல வசவு கிடைத்தது. என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

முடிவுத் தாள்களை அவரே கொண்டுவந்தார். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். ஏழு பேரின் உடம்பிலும் மருந்து இருந்தது, மருந்து கலக்கும் அம்மாவுக்குத்தான் அதிகம். நகமும் நடுக்கமும் இதனால்தான் என்று இந்தத் தாள் சொல்லாது, அதை ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆனால் கையுறை இல்லாமல் இனி ஒரு நாளும் வேலை செய்யக் கூடாது என்றார். அம்மா தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எனக்கு மனம் கேட்கவில்லை, பேக்டரிக்குப் போகாமல் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் போய் நின்றேன். பெயர் கூப்பிட்டதும் அம்மா முன்னால் போய்ப் பம்பைத் தோளிலிருந்து கழற்றி மண்டோரின் காலடியில் வைத்தாள். அடுத்து பக்கத்து வீட்டு அத்தை. ஏழு பம்பும் வரிசையாக உட்கார்ந்தன.

"கையுறை வரட்டும், மூக்கு மூடுறது வரட்டும். அப்பறம் தூக்குறோம்."

"என்னாலா இது? ஒங்களுக்கு வேல வேணாமா?"

"வேல வேணும். அதுக்குத்தான் கையி வேணும்ங்குறேன்."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம சும்மா ஆட்டம் போடுறீங்க."

அம்மா தாளை எடுத்து விரித்துப் பிடித்தாள். கை நடுங்கியதில் தாளும் நடுங்கியது. அவள் அதை மறைக்கவில்லை. "என் மூத்திரத்துலயே எழுதியிருக்குலா. படிச்சுப் பாரு. ரெஸ்ட்டு குடுக்கறதா இருந்தா ஏழு பேருக்கும் சேத்துக் குடு. நாங்க நேரா லேபர் ஆபீசுக்குப் போறோம்."

மண்டோர் தாளைப் பார்த்தார், பிறகு ஆபீஸ் இருந்த பக்கம் பார்த்தார். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அன்று ஏழு பேரும் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போனார்கள், பம்புகள் அங்கேயே கிடந்தன.

மூன்றாம் நாள் பெட்டியில் கையுறை வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஆம்பளைக் கைக்கு உள்ளது. அம்மா ஒன்றை மாட்டிப் பார்த்தாள். நகம் போன விரல்களுக்கு மேல் ரப்பர் நுனி தொங்கியது. கழற்றி மண்டோரின் மேசையில் திரும்ப வைத்தாள்.

"இது ஒன் கை அளவு. என் கைக்கு அளவெடுத்துட்டுப் போயி வாங்கிட்டு வா."