ஓட்டத்துக்கு ஒரு வேண்டுதல்

என்னை ஓட வைத்தது டாக்டர் இல்லை, ஒரு நாய். டாக்டர் நடக்கத்தான் சொன்னார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தாண்டிவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று பயமுறுத்தி அனுப்பினார். எனக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. டீ வந்தால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரை ஈசான்ய லிங்கத்தருகே நிறுத்திவிட்டு, அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் நடக்க ஆரம்பித்தேன்.

செங்கம் சாலையை விட்டுப் பாதை வலது பக்கம் திரும்பியதும் காப்புக்காடு வரும். வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள், இந்தப் பக்கம் நடைமேடையில் வரிசையாகத் தூங்கும் சாமியார்கள். அவர்களில் ஒருவருடைய நாய்க்கு என் சுடிதார் பிடிக்கவில்லை. குரைத்துக்கொண்டே துரத்தியது. காலேஜை விட்ட பிறகு நான் ஓடியதே இல்லை, அன்றைக்கு ஓடினேன். கொஞ்ச தூரத்தில் நாய் சலித்துப்போய் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. மூச்சு இரைத்தது, விலாவில் பிடித்துக்கொண்டது, ஆனாலும் நிற்கத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த நாய்க்கு நான் இன்னும் பிஸ்கெட் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் மகள் விட்டுப்போன பழைய ஷூவை மாட்டிக்கொண்டு போனேன். ஞாயிறு மட்டும் என்று ஆரம்பித்தது வாரத்தில் மூன்று நாள் ஆனது. சுற்றிலும் எட்டு லிங்கம். முதலில் இரண்டு லிங்கத்துக்கு நடுவில் ஓட்டம், அடுத்த இரண்டுக்கு நடுவில் நடை. சில மாதம் போன பிறகு பதினாலு கிலோமீட்டரையும் ஓடியே முடித்தேன். வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. காவி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் வெறுங்காலோடு நடந்தே என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்.

எங்கள் ஊரில் இந்தப் பாதையில் ஒரு பெண் ஓடினால் அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். முதல் மாதம் ஆட்டோக்காரர்கள் பக்கத்தில் வந்து, "ஏறுங்கம்மா, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார்கள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வழிமறித்து, "கிரிவலம்னா நிறைமாச கர்ப்பிணி மாதிரி நடக்கணும்மா" என்றார். நானும் நிறைமாதமாக இருந்திருக்கிறேன். அப்போது டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடத்தான் வேண்டியிருந்தது. இன்னொரு அம்மா, மலையோரமாக ஓடாதே, அது சித்தர்கள் போகிற பக்கம், இடது பக்கமாகப் போ என்று அதட்டினார். இடது பக்கம் லாரி வருகிறது. சித்தர்களாவது ஹாரன் அடிக்காமல் வருகிறார்கள், இதுவரை யாரும் என்மேல் மோதியதில்லை.

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் அக்காதான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "வேண்டுதலா?"

"இல்லக்கா, உடம்புக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. வெளியே சொல்ல முடியாத பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று பரிதாபமாகப் பார்த்துச் சர்க்கரை ஜாஸ்தி போட்டு டீ கொடுத்தார். எந்தச் சர்க்கரைக்காக ஓடினேனோ அதுவே டம்ளரில் வந்து நின்றது.

விஷயம் எப்படியோ எங்கள் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து என் மாமியாருக்குப் போனது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் இருந்த காலத்திலிருந்து இன்றுவரை ஒரு பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். சாயந்திரம் கிளம்பினால் விடியும்போது பொரிப் பொட்டலத்தோடு திரும்புவார். முகம் அப்படியே மலர்ந்திருக்கும். மாமனார் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனிதர். சாமி காரியம் என்பதால் அன்று ஒரு ராத்திரி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். நானும் வருகிறேன் என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். "நீ வந்துட்டா வீட்ட யாரு பாத்துக்கறது?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் அடுப்படி வாசலில் நின்று கேட்டார். "மலையச் சுத்தி ஓடறியாமே? வேண்டுதலா?"

நான் சூடாக இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். கை சுட்டது. "ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு மீதியை அவரே கட்டி முடித்தார். சென்னையில் வேலை பார்க்கும் என் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வருகிற ஜாதகத்தையெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். ஆக, பெற்றவள் மகள் கல்யாணத்துக்காக மலையைச் சுற்றி ஓடுகிறாள். சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க இதுதான் பேச்சு. நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்க வேண்டும்? மறுநாள் காலை நான் கிளம்பும்போது மாமியார் அடுப்படியில் இருந்தார். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். என் புருஷன் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நடக்காத அதிசயமெல்லாம் நடந்தது. மருமகளுக்குச் சர்க்கரை என்றால் வீட்டில் யாரும் அசையவில்லை. வேண்டுதல் என்றதும் சட்னிகூடத் தயாராக இருந்தது.

கதை டீக்கடை வரைக்கும் போய்விட்டது. அக்கா மட்டும் விடாமல், "மாப்பிள கெடைச்சாரா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். "இன்னும் இல்லக்கா" என்று சோகமாக முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

அப்புறம் மாப்பிள்ளை கிடைத்துவிட்டார்.

மகள் போன் செய்து, கூட வேலை செய்கிற பையன், நல்லவன், அவன் வீட்டிலும் சம்மதம் என்றாள். வீடே குதித்தது. எனக்கும் சந்தோஷம்தான், பெற்ற வயிறு குளிர்ந்தது. எவ்வளவு நாளாகப் பழக்கம் என்று கேட்டேன். "மூணு வருஷமாம்மா" என்றாள். அதாவது நாய் என்னைத் துரத்துவதற்கு வெகுநாள் முன்பே. அண்ணாமலையாரைக் குறை சொல்ல முடியாது, மனு வருவதற்கு முன்பே ஆர்டர் போட்டுவிட்டார். எங்கள் ஆபீஸில் அப்படி நடந்ததே இல்லை.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி கண்ணத் தொறந்துட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழம கடைசி சுத்து ஓடி வேண்டுதல முடிச்சிடு. அப்புறம் கல்யாண வேலை ஜாஸ்தி" என்றார்.

வேண்டுதல் பலித்தால் ஓட்டம் நிற்கும் என்பது எனக்கு ஏன் முன்னாடியே தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். எட்டாத பொருளாகப் பார்த்து வேண்டியிருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு பதவி உயர்வு என்று சொல்லியிருந்தால் ரிட்டயர் ஆகும்வரை ஓடியிருப்பேன்.

அந்த ஞாயிறு மாமியார் ஷேர் ஆட்டோவை வாடகைக்குப் பிடித்து, தேங்காய், கற்பூரத்தோடு என் பின்னாலேயே வந்தார். "மெதுவா, மெதுவா" என்று வழியெல்லாம் குரல். அது எனக்கா ஆட்டோக்காரருக்கா என்று தெரியவில்லை. அடி அண்ணாமலையில் அக்கா சேதி கேட்டு ஓடி வந்து சர்க்கரை அள்ளி என் வாயில் போட்டார். குபேர லிங்கம் தாண்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வளைவு, இந்தப் புளியமரம், எல்லாம் இன்றோடு சரி. இனிமேல் காலை என்றால் அடுப்படிதான்.

ஈசான்ய லிங்கத்தருகே வந்து முட்டியில் கை வைத்துக் குனிந்து நின்றேன். மாமியார் தேங்காயோடு இறங்கினார். அவர் உடைப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"அத்தை, வேண்டுதல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் சும்மாதான் ஓடினேன். நிறுத்த எனக்கு மனசு வரல."

அவர் முதலில் ஆட்டோக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"மெதுவா பேசு. சும்மா ஓடறேன்னு யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. சும்மான்னா விட்டுடுவாங்களா?" என்றவர் கிட்டே வந்தார். "நான் மாசா மாசம் எத வேண்டிகினு போனேன்னு நெனச்ச?"

"எங்க எல்லாருக்காகவும்னு..."

"ஒண்ணும் வேண்டல. உங்க மாமனார் கிட்டருந்து ஒரு ராத்திரி லீவு, அவ்ளோதான். அடி அண்ணாமலையில ஒரு டீ, குபேர லிங்கத்துகிட்ட கொஞ்சம் சுண்டல். தண்ணி குடுன்னு ஒருத்தர் கூப்புட மாட்டாங்க. உன்னயும் அதுக்குத்தான் கூட்டிகினு போகல. நீ வந்தா வீட்டப் பத்தியே பேசுவ."

இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறோம், இது எனக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் வேர்வைக்கு அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

தேங்காயை ஒரே போடில் உடைத்தார். பிறகு ஆட்டோக்காரருக்கும், அங்கே நின்ற பூக்காரிக்கும், போகிற வருகிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கல்யாண வேண்டுதல் முடிஞ்சிது. அடுத்தது இவளுக்குப் பேரப்புள்ள பொறக்கணும்னு வேண்டிகினு இருக்கா. புதன்கிழமலேருந்து ஓடுவா."

"அதுவும் பொறந்துட்டா அத்தை?" என்று காதோரம் கேட்டேன்.

"ஒண்ணோட நிறுத்திடுவாங்களா?" என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.